ஜெரால்டு சாரின் மஞ்சள் டேங்குகள்

பாபு, நேற்று சாயங்காலம் நீ போனில் பேசும்போது பின்னால் காற்று நிரப்புகிற உன் கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம் கேட்டது. கொச்சியில் ஒரு டைவிங் பள்ளியை மூடுகிறார்கள், முதுகில் மாட்டுகிற பழைய காற்று டேங்குகள் மொத்தமாகக் கிடைக்கின்றன, வெள்ளிக்கிழமை போய் எடுக்கப் போகிறேன் என்றாய். "நல்ல ரேட்டுமா, விட்டா வேற யாராவது தூக்கிகினு போயிடுவாங்க" என்றாய். நான் "சரிடா, பார்த்துப் போ" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு ஆறவில்லை. உன் டைவிங் பள்ளிக்கு முதல் முதலாக டேங்கு வாங்க நானும் அப்பாவும் பாண்டிச்சேரிக்குப் போனோமே, அங்கே நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். சரக்கு வரத் தாமதமானது தெரியும். ஏன் தாமதம் என்று அப்போது இருந்த கோபத்தில் நீ கேட்கவில்லை. வேலை முடிந்த சந்தோஷத்தில் நானும் சொல்லவில்லை. கொச்சிக்குப் பஸ் ஏறுவதற்குள் மீதியும் உனக்குத் தெரிந்தாக வேண்டும். போனில் சொன்னால் நடுநடுவே "சரிம்மா, சரிம்மா" என்பாய். எழுதினால் குறுக்கே பேச வழியில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆரணியில் பட்டுப்புடவை வியாபாரம் செய்கிற வீட்டுப் பிள்ளை கடலுக்கடியில் வேலை தேடிக்கொள்வான் என்று யார் நினைத்தது? டிப்ளமோ முடித்துவிட்டு நண்பனோடு அந்தமானுக்குச் சுற்றிப் பார்க்கப் போனவன், இனி டைவிங்தான் என் வேலை என்று திரும்பி வந்தாய். அப்பா அன்று மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, "பெரணமல்லூர் கிணத்துல குதிச்சி விளையாடினது பத்தலையாடா உனக்கு?" என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே மோர் ஊற்றிக்கொண்டாய். கடைத்தெருவில் என்னைப் பார்த்தவர்களெல்லாம் பையன் முத்தெடுக்கிறானா, மீன் பிடிக்கிறானா என்று விசாரித்தார்கள். நான் ஒருவருக்கும் விளக்கம் சொல்லவில்லை. நீ தூத்துக்குடியில் கூட்டாளியோடு ஷெட் பிடித்து, பள்ளி திறக்கப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு மட்டும் அவர்கள் எல்லோருக்கும் நானே தேடிப் போய் இனிப்புக் கொடுத்தேன்.

நான் எதையும் திறந்து பார்த்துத்தான் வாங்குவேன் என்பது உனக்குத் தெரியும். அதனால் உன் மானம் போனதும் எனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரை வாசலிலேயே நிறுத்தி, மூடியைக் கழற்றச் சொல்லி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால் வண்டியிலிருந்து வேறு சிலிண்டர் இறங்கும். "ஏம்மா தெருவே பாக்குது, பேஜார் பண்ற" என்று நீ உள்ளே ஓடிவிடுவாய். ஒருமுறை உன் நண்பர்கள் வந்திருந்தபோதே அப்படிச் செய்தேன், நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. புடவையாக இருந்தாலும் முந்தானையை மட்டும் பார்த்து வாங்கியதில்லை. முழுதாகப் பிரித்து, உள்பக்கம் பார்த்து, இழை எண்ணுகிற கண்ணாடியை வைத்துப் பார்த்த பிறகுதான் பேச்சு.

பாண்டிச்சேரி டேங்குகளின் போட்டோவை நீதான் அனுப்பினாய். ஜெரால்டு என்பவர் வயதாகிவிட்டதால் டைவிங் பள்ளியை மூடுகிறார், ஒரு டஜன் டேங்கு தருகிறார், உங்களுக்குப் பக்கம்தானே, போய் ஏற்றி லாரி பார்சலில் போட்டுவிடு என்றாய். கூடவே எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாய்ஸ் மெசேஜும் அனுப்பினாய். கழுத்துக்குக் கீழே வளைகிற இடத்தில் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும், செய்த கம்பெனி, வரிசை எண், எவ்வளவு அழுத்தம் தாங்கும், செய்த வருஷம், கடைசியாகச் சோதித்த தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். எண்ணை அரத்தால் ராவி அழித்திருந்தால் தொடாதே. ஆழமான கீறலும் நசுங்கலும் கூடாது. உள்ளே கொஞ்சம் காற்று இருக்க வேண்டும், காலியாகத் திறந்து கிடந்ததென்றால் ஈரம் உள்ளே போயிருக்கும். இதையெல்லாம் நீ எவ்வளவு அழகாகச் சொன்னாய் தெரியுமா? அப்பா வண்டி ஓட்டிக்கொண்டே அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். செய்யாற்றுப் பாலம் தாண்டும்போது எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஜெரால்டு சார் நல்ல மனிதர். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொச்சியில் நீ பார்க்கப் போகிறவரும் நல்லவராகவே இருக்கலாம். கேட்டிலேயே வந்து அழைத்துப் போனார். அவர் மனைவி ரீட்டா டீ கொடுத்தார். பின்பக்க ஷெட்டில் டேங்குகள் வரிசையாக, மஞ்சள் மஞ்சளாக, நேற்றுச் செய்தது போல நின்றன. அப்பா என் காதருகே வந்து, "போளூர்ல வாங்கினோமே ஒரு பழைய மோட்டார், அதுவும் இப்படித்தான் மின்னிச்சு. உள்ள காயிலெல்லாம் கருகிப் போய் இருந்துச்சு" என்றார். நான் ஜெரால்டு சாரைப் பார்த்து, "பெயிண்ட் புதுசாங்க சார்?" என்றேன்.

"விக்கப் போறோம் இல்ல மேடம். பொண்ணு பாக்க வர்றப்போ பவுடர் போடறதில்லையா, அந்த மாதிரி."

அவரோடு நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பையிலிருந்து இழை எண்ணுகிற கண்ணாடியை எடுத்து, முதல் டேங்கின் தோளில், நீ சொன்ன அந்த வளைவில், வைத்தேன். எழுத்து தெரிந்தது. எழுதிக்கொள்ளாமல் போனில் படம் பிடித்தேன். ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டே போனதில், படிக்க முடிந்த எல்லாவற்றுக்கும் மறுசோதனைக் கெடு கடந்திருந்தது. ஒட்டியிருந்த ஸ்டிக்கர் மட்டும் புதுசு. ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம் இல்லையா. கடைசியில் நின்ற சிலவற்றில் பெயிண்ட் கெட்டியாக அப்பிப் போய் வருஷமே படிக்க முடியவில்லை. சுவரோரமாகத் தனியாக இரண்டு டேங்குகள் வேறு நின்றன. அவை விற்பனைக்கு இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர்கள் வருகிறார்கள், அவர்களோடு கடைசியாக ஒருமுறை கடலில் இறங்கப் போகிறேன், அதற்காக வைத்திருக்கிறேன் என்றார்.

அங்கே நின்றுதான் உனக்குப் போன் போட்டேன். நீ ஞாபகம் வைத்திருப்பது அந்தப் பேச்சை மட்டும்தான் என்று நினைக்கிறேன். தேதி தாண்டியிருக்கிறது என்றேன். "பரவால்லம்மா, ஏத்தி அனுப்பு. இங்க வந்ததும் டெஸ்ட் பண்ணிக்கிறேன்" என்றாய்.

"அங்க எங்கடா டெஸ்ட் பண்ணுவ?"

 "சென்னைக்குத்தாம்மா அனுப்பணும். ஆனா முதல் பேட்ச் காலேஜ் பசங்க வர்றாங்க. அவங்கள முடிச்சிட்டு அனுப்பிக்கலாம். அவரு போன மாசம் வரைக்கும் அதுலதான டைவ் பண்ணாரு" என்றாய்.

"காத்து நிரப்பறப்போ பக்கத்துல நிக்கப் போறது யாரு?"

"நான்தான். அதுக்கென்ன இப்போ?"

அதற்கென்ன என்று கேட்டாயே, அது போதும் எனக்கு. "நான் சென்னைக்கே எடுத்துகினு போறேன்" என்றேன். நீ கத்தினாய். கூட்டாளிக்கு என்ன பதில் சொல்வது என்றாய், உனக்கு என்னம்மா தெரியும் என்றாய், போட்ட நோட்டீஸெல்லாம் வீண் என்றாய். நான் போனை அணைத்துவிட்டேன். அதற்கு நான் இன்றுவரை வருத்தப்படவில்லை, பாபு. நீ சொல்லிக் கொடுத்ததைத்தான் நான் செய்தேன். உன் அவசரத்தை நீ அந்த வாய்ஸ் மெசேஜில் சேர்க்கவில்லை, அதனால் அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஜெரால்டு சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "எத்தனையோ வருஷமா இதுல நான் டைவ் பண்றேன் மேடம். என் ஸ்டூடண்ட்ஸ் பண்றாங்க. ஒண்ணும் ஆனதில்ல. நம்பிக்கை இல்லன்னா விட்டுடுங்க, வேற ஆள் கேட்டுட்டு இருக்காங்க" என்றார். நம்பிக்கை இல்லாமல் இல்லை சார், டேங்கின் உள்பக்கம் உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பார்த்துவிடுவோம், பாஸானது அத்தனையையும் நீங்கள் சொன்ன ரேட்டுக்கே எடுத்துக்கொள்கிறேன், ஒரு பைசா குறைக்க மாட்டேன் என்றேன். அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். அப்போது நான் சுவரோரம் நின்ற இரண்டையும் காட்டி, "அதையும் ஏத்திக்கலாங்க சார்" என்றேன். அதற்கு அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அது என் சொந்த டேங்கு, இந்த ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது, அதை யாரும் சோதிக்க வேண்டாம் என்றார்.

 அடுத்தவர் பொருளில் எவ்வளவு தூரம் தலையிடுவது? அப்பாதான் வாயைத் திறந்தார். வியாபாரப் பேச்சில் என்றைக்குமே வாய் திறக்காத மனிதர். "சார், நீங்க எத்தினியோ பேரை பத்திரமா எறக்கி ஏத்தினவரு. கடைசி தபா நீங்க எறங்கறது. அன்னிக்கின்னு பார்த்து ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடக்கூடாதுன்னுதான் அவ கேக்கறா. வேற ஒண்ணும் இல்ல" என்றார்.  ரீட்டாம்மா காலி டம்ளர்களை எடுக்க வந்தவர், தட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்த இரண்டில் ஒன்றைத் தானே தூக்கப் பார்த்தார். தூக்க முடியவில்லை. "எடுத்துட்டுப் போங்க. இவர் தண்ணிக்குள்ள போயிட்டு திரும்பி வர்ற வரைக்கும் கரையில உக்காந்திருக்கறது நான்தான்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

மறுநாள் காலையில் ஜெரால்டு சாரின் மினி லாரியில் டேங்குகளைப் படுக்க வைத்து, உருளாமல் சாக்குகளை இடையில் செருகி, வெயில் படாமல் தார்ப்பாய் போட்டுக் கட்டினோம். அவர் முன்னால் போக, நாங்கள் பின்னாலேயே நம் வண்டியில் போனோம். அம்பத்தூர்ப் பக்கம் சிலிண்டர் சோதிக்கிற இடம் அது. அங்கே நிர்மலா என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், பொறுப்பில் இருந்தாள். எங்களை ஒரு கோட்டுக்குப் பின்னால் நிற்க வைத்துவிட்டு, முதலில் ஒவ்வொன்றிலும் இருந்த காற்றை மெல்ல வெளியேற்றினாள். பிறகு வால்வுகளைக் கழற்றினாள். சின்ன விளக்கை உள்ளே இறக்கி, கண்ணாடி வைத்து, அடிவரை பார்த்தாள். நான் கேட்டதும் என்னையும் பார்க்க விட்டாள். நல்ல டேங்கின் உள்ளே எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்த சொம்புக்குள் பார்ப்பது போல அமைதியாக இருந்தது. அடுத்ததில் அடிப்பக்கம் முழுக்க வெள்ளையாகப் பூத்து, குழி குழியாக அரித்திருந்தது. கடல் தண்ணீர் எப்போதோ உள்ளே போயிருக்கிறது. "இது வேணாம்மா" என்று தள்ளி வைத்தாள்.

இன்னொன்றின் வால்வைக் கழற்றியதும் அவள் வேலையை நிறுத்தி எங்களைக் கூப்பிட்டாள். டேங்கு ஒரு அளவு, வால்வு வேறு அளவு. எப்போதோ பழுதானபோது கைக்குக் கிடைத்த வால்வை யாரோ மாட்டியிருக்கிறார்கள். "ரெண்டு திருகு மரையும் பாக்க ஒரே மாதிரி இருக்கும்மா. சுத்தினா ஏறிடும். ஆனா உள்ள பிடிப்பே இல்ல, நுனியில தொத்திகினு இருக்கு. முழு அழுத்தத்துக்குக் காத்து ஏத்தறப்போ வால்வு துப்பாக்கிக் குண்டு மாதிரி கெளம்பிடும்" என்றாள். பக்கத்தில் நின்றால் என்று அவள் சொல்லவில்லை. நான் உன்னை நினைத்துக்கொண்டேன். சரியான வால்வை மாட்டினால் அந்த டேங்கு நல்ல டேங்குதான். அதைத்தான் இப்போது நீ, வால்வு மாற்றியது என்று அடையாளத்துக்கு நீல நாடா கட்டி வைத்திருக்கிறாய்.

கடைசியாக ஜெரால்டு சாரின் சொந்த டேங்குகள். ஒன்று சுத்தமாக இருந்தது. இன்னொன்றின் தோளில் பெயிண்டைக் கரைத்து எடுத்ததும் வருஷம் தெரிந்தது. நிர்மலா அதைப் படித்துவிட்டு உள்ளே போய் வேறொரு கருவியோடு வந்தாள். அந்தக் காலத்து டேங்குகள் சிலவற்றை ஒருவகைக் கலவை அலுமினியத்தில் செய்தார்களாம். வருஷக் கணக்கில் அழுத்தம் தாங்கித் தாங்கிக் கழுத்து மரையில் மெல்ல விரிசல் விடுமாம், வெளியே மயிரளவும் தெரியாதாம். கருவியைக் கழுத்துக்குள் விட்டு மெதுவாகச் சுற்றினாள். பிறகு விளக்கைப் பிடித்து, "நீங்களே பாருங்க சார்" என்றாள். ஜெரால்டு சார் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை. அவர் தள்ளிக்கொண்டதும் நான் பார்த்தேன். மரைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, ஒன்றைத் தாண்டி அடுத்ததுக்கு, கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது.

"சனிக்கிழமை இதுக்குக் காத்து ஏத்தறதா இருந்தேன்" என்றார் அவர். "எப்பவும் ரீட்டாதான் பக்கத்துல நின்னு மீட்டர் பாப்பா."

அப்பா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு போய் வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார். நான் பெருமைப்பட்டுக்கொண்டேன் என்று சொன்னால் தப்பாக நினைக்காதே. பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, வென்றுவிட்டோம் என்ற நினைப்புதான். ரீட்டாம்மா தூக்கப் பார்த்த அந்த டேங்கு இனி யாருக்கும் ஒன்றும் செய்ய முடியாது. யாரும் மறுபடி காற்று நிரப்பாதபடி அதை அறுத்துவிடுவார்கள் என்றாள் நிர்மலா. ஜெரால்டு சார் எழுந்து வந்து, நானே அறுக்கிறேன் என்று கேட்டு வாங்கி, வியர்க்க விறுவிறுக்க அறுத்தார். அரித்துப் போன இன்னொன்றையும் அவரே அறுத்தார். மீதி அத்தனையும் தண்ணீர் நிரப்பிச் செய்கிற அழுத்தச் சோதனைக்குப் போய், இரண்டு நாள் கழித்துப் புதிய தேதி பொறித்து வந்தன. ஒன்றுகூட விழவில்லை. நீ போனில் முகம் கொடுக்காமல் பேசிய இரண்டு நாள் அதுதான்.

உன் காலேஜ் பசங்கள் ஒரு வாரம் தள்ளி வந்தார்கள், வராமல் போகவில்லை. பள்ளித் திறப்புக்கு ஜெரால்டு சாரும் ரீட்டாம்மாவும் பாண்டிச்சேரியிலிருந்து அவ்வளவு தூரம் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்களே, உன்னைக் கட்டிப்பிடித்து அவர் கண் கலங்கினாரே, "வயசானவரு, பள்ளிய மூடின வருத்தம்மா" என்று நீ என்னிடம் சொன்னாய். வருத்தமில்லை, பாபு. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்டுக்கொண்டதால், அறுத்துவிட்ட அவர் டேங்குக்குப் பதிலாக, சோதித்து வந்ததில் ஒன்றை எடுத்துப் போய் அவருக்குக் கொடுத்தோம். மாணவர்களோடு ஆசை தீர இறங்கி ஏறிவிட்டு, துடைத்து, திரும்ப நம் வண்டியில் ஏற்றினார். உன்னைக் கட்டிப்பிடித்தது அதற்கும், ரீட்டாம்மாவுக்கு ஒன்றும் ஆகாமல் போனதற்கும்தான்.

வெள்ளிக்கிழமை கொச்சிக்குப் போ. டேங்குகளைத் தடவிப் பார்த்து மயங்காதே. புதுப் பெயிண்ட் இருந்தால் அடியில் என்ன என்று கேள், நெருப்பில் காய்ந்து பலம் போன டேங்கையும் பெயிண்ட் மறைக்கும் என்று நிர்மலா சொன்னாள். தோளில் பொறித்ததைப் படி, பழைய வருஷமானால் கழுத்தைக் கருவி வைத்துச் சோதிக்கச் சொல், வால்வு அந்த டேங்குக்கு உரியதுதானா என்று பார். சோதித்த பிறகு பணம் என்று முதலிலேயே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடு. நல்லவர் கோபித்துக்கொண்டாலும் கூடவே வருவார். வரவில்லையென்றால் அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, வெறுங்கையோடு பஸ் ஏறு. அதற்காக யாரும் உன்னைக் குறைத்துப் பேசினால் என் நம்பரைக் கொடு.

திறப்பு விழாவுக்கு மறுநாள் நீ என்னைக் கடலுக்குள் இறக்கினாயே, அதைச் சொல்லி முடிக்கிறேன். பிரஷர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டரிடம் சீட்டு வாங்கி வரச் சொன்னாய், தாலியை உடைக்குள் பின் குத்திக்கொள்ளச் சொன்னாய், பயந்தால் கையை அழுத்து, உடனே மேலே வந்துவிடலாம் என்றாய். நான் அழுத்தவே இல்லை. முதல் மூச்சை இழுத்ததும் காதுக்குள் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மணலில் சின்னச் சின்ன மீன்கள் கோடு கோடாகப் போயின. நீ எனக்கு முன்னால் நீந்தி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாய், சைக்கிள் கற்றுக்கொண்டபோது நான் உன் பின்னால் ஓடி வருகிறேனா என்று பார்ப்பாயே, அதே மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்து வாயில் தண்ணீர் புகுந்துவிட்டது. மேலே வந்து படகைப் பிடித்ததும் அப்பா என் கையைப் பற்றிக்கொண்டு, "பயமா இல்லியா உனக்கு? கீழ அத்தினி நேரம் எப்படி மூச்சு விட்டே?" என்று கேட்டார். நீ அடுத்த ஆளுக்கு டேங்கு மாட்டிவிட நகர்ந்திருந்தாய், அதனால் என் பதில் உன் காதில் விழவில்லை.

"அந்த டேங்குக்கு உள்ள என்ன இருக்குதுன்னு நான் பாத்திருக்கேங்க" என்றேன். "இன்னொரு தபா எறக்கச் சொல்லுங்க அவன."

உன் அம்மா